புதன்கிழமை ஊசி: மருந்தில் குறையில்லை, எடை பார்ப்பதில்தான் குறை

தமிழ்நாட்டின் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். காசு கிடையாது. தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கும் போடுவார்கள்; தாய் சேய் நல அட்டையை மறக்காமல் கொண்டுபோக வேண்டும்.

"இலவச மருந்து, தரம் எப்படியோ" என்று தயங்குபவர்கள் மருந்துக் குப்பியை ஒருமுறை பார்க்கட்டும். லேபிளிலோ மூடியிலோ ஊதா நிற வட்டம், அதற்குள் வெளிர் சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் கூடாது. செவிலியரிடம் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. உறைந்து போனதை மட்டும் அந்த வட்டம் காட்டாது. பென்டா (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான ஊசி), நிமோகாக்கல் (நிமோனியா தடுப்பூசி) மருந்துகள் உறைந்தால் வீண். அதனால்தான் ஐஸ் பேக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்ட பிறகே மருந்து எடுத்துவரும் பெட்டியில் அடுக்க வேண்டும்.

பலரும் அரண்டுபோவது ஒன்றரை மாத ஊசிக்குத்தான். ஒரே நாளில் மூன்று குத்து: இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோகாக்கல், வலது மேற்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. போலியோ ஊசி. கூடவே போலியோ சொட்டு இரண்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து. மொத்தமாகப் போடுவதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. உடனே தாய்ப்பால் கொடுக்கலாம். சாதாரண சளி இருப்பதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். கூட்டத்தைப் பார்த்து இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்கு மருந்து வாங்கும்போது மிகவும் கவனம் தேவை. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி.; 125 என்று போட்ட சிரப்பில் 5 மி.லி.க்குத்தான் 125 மி.கி. 5 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 75 மி.கி. என்றால் சொட்டு மருந்தில் 0.75 மி.லி., சிரப்பில் 3 மி.லி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். பாட்டிலையே செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டி அளவு கேளுங்கள். வீங்கிய இடத்தில் ஈரத்துணி போதும். தேய்ப்பதும் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடம் சில வாரம் கழித்துப் புண்ணாகி ஆறுவது இயல்பு.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. நிமோகாக்கல் பூஸ்டர், மூன்றாவது போலியோ ஊசி, வைட்டமின் ஏ திரவம் எல்லாம் அப்போதுதான். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும்; பொடியில் திரவம் கலந்த தட்டம்மை மருந்தை 4 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. அதனாலேயே "இன்னும் நாலு பிள்ளை வரட்டும், அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவது சில இடங்களில் நடக்கிறது. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. தயங்காமல் கேட்டு வாங்குங்கள். தவணை தப்பியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

பென்டாவுக்குப் பதிலாகத் தனியாரில் கிடைக்கும் 'வலியில்லா' ஊசியில் காய்ச்சல் குறைவு என்பது உண்மை. ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அரசு பென்டாவில்தான் நீண்ட நாள் நிற்கிறது. சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளுக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும்.

இந்தச் சேவையில் மனசுக்கு ஒப்பாதது எடை பார்க்கும் விதம். ஸ்வெட்டர், டயப்பரோடு தூக்கி வைத்து, தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எழுதிவிடுகிறார்கள். ஈரமான டயப்பர் ஒன்றே நூறு கிராமைத் தாண்டும். எண்ணை மட்டும் எழுதி, அட்டையின் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்காமல் விடுவதும் உண்டு. எடை ஏறாமல் நிற்பது அந்தக் கோட்டில்தான் முதலில் தெரியும். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாகவும் ஒரு வயதில் மும்மடங்காகவும் வர வேண்டும். உடையைக் கழற்றிவிட்டு எடை போடச் சொல்லுங்கள். புள்ளி வைத்தபின் அட்டையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.