அறிவியலும் இதழியலும்: கல்லூரியில் ஒன்று, அஞ்சலில் ஒன்றா? இரண்டுமே அஞ்சலிலா?

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். "வேதியியலையும் விட மனமில்லை மாமா, பத்திரிகைப் படிப்பையும் விட மனமில்லை. இரண்டையும் அஞ்சல் வழியிலேயே படித்துவிட்டால் என்ன?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒன்றை விட்டுவிடச் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

காரணம் எங்கள் பாலாறு. அதில் கலக்கும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் குறித்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோமிய உப்பைக் கொண்டு செய்யும் குரோம் முறைப் பதனிடலில் சுமார் 170 வகை ரசாயனங்கள் சேர்கின்றன என்று அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக வேலூர் ஆய்வு மையத்தின் மதிப்பீடும் அதில் இருக்கிறது. இதை எழுதப் போகும் நிருபர், தோலைப் பதனிடும் மூவிணைதிறக் குரோமியம் வேறு, புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியம் வேறு என்று அறிந்திருக்க வேண்டும். 'தண்ணீரில் குரோமியம்' என்று தலைப்பிட்டு, எந்தக் குரோமியம் என்று சொல்லாமலே முடிந்த செய்திகளை நிறையப் படித்திருக்கிறேன். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அந்தத் தண்ணீரோடு வாழ்பவர்களுக்கு அது போதாது.

ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஒரே பல்கலைக்கழகம் இரண்டு பட்டங்களைப் பிணைத்துத் தருகிறது. இங்கே நாமாகத்தான் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வழிவிட்டது. நேரம் மோதாமல் இரண்டு நேரடிப் படிப்புகள், ஒன்று நேரடி ஒன்று தொலைநிலை (அதாவது அஞ்சல் வழி), அல்லது இரண்டுமே தொலைநிலை என எப்படியும் படிக்கலாம்.

அவள் கேட்ட வழியை முதலில் பார்ப்போம். இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில், படிப்பின் அளவைச் சொல்லும் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. மூன்றாண்டு பி.எஸ்சி. 132 கிரெடிட் என்றால் 3,960 மணி நேரம். மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 25 மணி நேரம். இதழியல் பட்டமும் கிட்டத்தட்ட அதே அளவு என்று வைத்துக்கொண்டால் வாரம் 50 மணி நேரம் ஆகிறது. ஒரு முழுநேர வேலையைவிட அதிகம். அதோடு, தொலைநிலையில் படித்தாலும் செய்முறையை வீட்டில் செய்ய முடியாது. இரண்டு கிரெடிட் செய்முறைத் தாள் என்றால் 60 மணி நேரம் ஆய்வகத்தில் நிற்க வேண்டும். அது எந்த ஊர் ஆய்வகம், எந்த மாதம் என்பதையெல்லாம் கல்வி மையம்தான் தீர்மானிக்கும். ஜூன், டிசம்பர் தேர்வுகளில் இரண்டு பட்டங்களின் தாள்களும் ஒரே வேளையில் வந்தால் ஒன்றை ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டியதுதான்.

இருந்தாலும் இந்த வழியை நான் ஒதுக்க மாட்டேன். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே படிக்க நினைக்கும் பெண்ணுக்கு வேறு வழி இல்லை. அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்று உண்டு. மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க இக்னோ ஆறு ஆண்டுகள் வரை தருகிறது. ஆறு ஆண்டுகளாகப் பரப்பினால் இரண்டு பட்டங்களுக்கும் சேர்த்து வாரம் 25 மணி நேரம்தான். மூன்றே ஆண்டில் முடித்தாக வேண்டும் என்ற வைராக்கியம்தான் பலரைப் பாதியில் நிறுத்துகிறது.

என் அக்காள் மகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூருக்கு வந்து போகலாம். ஊரீசு கல்லூரி, முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி, காட்பாடியில் ஆக்சிலியம் என்று அறிவியல் படிக்க இங்கே இடங்களுக்குக் குறைவில்லை. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயைப் பிடித்து, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருந்து, தவறவிட்டு, மறுபடி செய்து பார்ப்பதைப் பாடநூல் சொல்லித் தராது. பக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். இதழியல் அப்படியல்ல. கோட்பாட்டையும் சட்டத்தையும் நூலில் படித்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு ஊரே இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் மனுவோடு நிற்பவர்களிடம் பேசினால் போதும், நேர்காணல் எடுக்கக் கை பழகிவிடும். அதனால் அறிவியலைக் கல்லூரியிலும் இதழியலைத் தொலைநிலையிலும் படிக்கச் சொன்னேன்.

பட்டம் முடித்தபின் இதழியலில் முதுநிலைப் பட்டயம் படிப்பது மூன்றாவது வழி. நான் வந்த வழி அதுதான். சுமை குறைவு, செலவும் குறைவு. ஆனால் இருபது வயதுக்குள் எழுதிப் பழகும் வாய்ப்பு போய்விடுகிறது. அந்த இழப்பை இன்றும் உணர்கிறேன்.

எந்த வழியானாலும் விண்ணப்பிக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி உண்டா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் தேட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. 2024 முதல் தொலைநிலை மாணவர்களுக்கு, அந்தப் பிரிவில் பதிந்து பெறும் டெப் (DEB) அடையாள எண் கட்டாயம். மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கும், அதைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும். இரண்டாவது இடத்திலும் கேட்பார்களா என்று முன்பே விசாரிக்க வேண்டும். எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு நகலும் பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் வைத்திருக்க வேண்டும். நான் அனுப்பிய ஒரு கட்டு போய்ச் சேரவில்லை என்றார்கள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லாததால் ஆறு மாதம் வீணாயிற்று.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், "கல்லூரி ஆய்வகத்தில் எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க விடுவார்களா மாமா?" என்றாள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆசிரியரிடம் கேட்டுப் பார், அளந்தபின் அந்தத் தெருக்காரர்களிடமும் பேசிவிட்டு எழுது என்றேன். விண்ணப்பப் படிவத்தை அன்று மாலையே எடுத்து வைத்துக்கொண்டாள்.