பவர் பத்திரம்: நோட்டரியிடமா, சார்பதிவாளரிடமா?

மேலூர்ப் பக்கத்து நிலத்தை விற்கச் சென்னையில் வசிக்கும் அண்ணன் ஊரிலுள்ள தம்பிக்குப் பவர் (தம் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தரும்போது, நீதிமன்ற வாசலில் உள்ள நோட்டரியே போதாதா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது.

சட்டம்: நோட்டரி, 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி சான்றளிப்பவர்; சார்பதிவாளர், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஆவணத்தைப் பதிவு செய்பவர்.

நேரில் வருதல்: எழுதிக்கொடுப்பவரின் அடையாள அட்டையைச் சரிபார்த்து, தம் கண்முன் கையெழுத்து வாங்கி, வரிசை எண்ணோடு பதிவேட்டில் குறித்து, அதன் பிறகே முத்திரையிடுவது நோட்டரியின் கடமை. ஆள் வராமலே முத்திரை குத்தித் தருவதைச் சிலர் உதவி என்கிறார்கள், அது முறைகேடு. சார்பதிவகத்திலோ புகைப்படமும் விரல்ரேகையும் எடுக்காமல் வேலை நகராது.

செலவும் நேரமும்: முத்திரைத்தாள் இரண்டுக்கும் வேண்டும். நோட்டரியிடம் சிறு கட்டணத்தோடு விரைவில் முடியும். சார்பதிவகத்தில் பதிவுக் கட்டணமும் டோக்கனும் காத்திருப்பும் உண்டு.

நிலைப்பு: நோட்டரியின் பதிவேட்டில் குறிப்பு மட்டுமே இருக்கும். பதிவான பத்திரத்தின் அசல் தொலைந்தாலும் சான்றிட்ட நகல் பெறலாம்.

பிரமாணப் பத்திரத்துக்கும் நகல் சான்றுக்கும் நோட்டரி போதும். நிலம், வீடு தொடர்பான பவரைத் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டுமாதலால், அந்த அண்ணன் சார்பதிவாளரிடம்தான் போக வேண்டும்.