பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருவதாகச் சொல்லிச் சில கடைகள் செய்யும் ஏமாற்று வேலையைப் பற்றியே இந்தப் பதிவு. சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டது.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து எடுத்த படங்கள் ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தன. திடீரென்று அது டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. கணினி அதை அடையாளம் காணவில்லை. காதில் வைத்துக் கேட்ட கடைக்காரர், உள்ளே பதிவைப் படிக்கும் ஹெட் போய்விட்டது, தூசியில்லா அறையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார். கோப்பு கிடைக்காவிட்டால் ஒரு பைசாகூட வேண்டாமாம்.

பிறகு அழைத்துத் திரையில் காட்டினார். ஊர்ப் பெயரிட்ட கோப்புறைகள், படங்களின் பெயர்கள், அளவு, தேதி எல்லாம் அப்படியே இருந்தன. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான படங்கள் திறக்கவே இல்லை. திறந்த சிலவற்றில் கல்லின் மேற்பகுதியில் வெட்டிய எழுத்துகள் மட்டும் தெரிந்தன. அதற்குக் கீழே வாளோடு நிற்க வேண்டிய வீரனைக் காணோம், வெறும் சாம்பல் பட்டை.

கோப்பின் பெயர், அளவு, இருக்கும் இடம் ஆகியவை டிஸ்க்கில் தனி அட்டவணையாகப் பதிவாகின்றன. படம் வேறு இடத்தில் இருக்கிறது. அட்டவணையை மட்டும் படிக்க முடிந்தால் போதும், முழுப் பட்டியலும் வந்துவிடும். படிக்க முடியாத பகுதிகளைச் சுழியங்களால் நிரப்பிவிட்டால் அளவும் சரியாகவே காட்டும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்று நான் நம்பமாட்டேன்.

திரும்பப் போய்க் கேட்டபோது, கோப்பு வந்துவிட்டது, திறக்காதது உங்கள் கணினியின் கோளாறு என்று கை விரித்தார். ரசீதில் 'சர்வீஸ் கட்டணம்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. டிஸ்க்கைப் பெங்களூரில் முறையான வசதியுள்ள ஓர் இடத்தில் காட்டினோம். முத்திரை கிழிந்திருந்தது, ஒரு திருகாணியைக் காணவில்லை, உள்ளே கோப்புகள் பதிவாகும் தட்டின் மேல் விரல் ரேகை, தட்டைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே சில நானோமீட்டர்தான் இடைவெளி. சாதாரண மேசையில் வைத்துத் திறந்தால் தூசி ஒன்றே போதும், கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்ததை இனி யாராலும் எடுக்க முடியாது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். பணம் போனதுகூட இரண்டாவதுதான்.

டிஸ்க் சத்தம் போட்டால் உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள். பிழை திருத்தும் மென்பொருள் எதையும் அதன்மேல் ஓட்ட விடாதீர்கள். அனுமதி இல்லாமல் பிரிக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பிரிக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் பட்டியலின் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் நீங்களே கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் முழுதாகத் திறந்து பாருங்கள். அவர் திறந்து காட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம். பழுதான டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், அதுதான் முக்கியச் சான்று.