வேலூர்ல சுடி பேண்ட் தைக்க ஒரு நல்ல கை

சுடி பேண்ட், அதாவது காலோட ஒட்டி கணுக்கால்ல சுருக்கு விழுற சுடிதார் பேண்ட், தைக்க யார்கிட்ட கொடுக்கலாம்னு ஸ்டாஃப் ரூம்ல யார் கேட்டாலும் நான் ஒரே கடையைத்தான் சொல்றேன். சைதாப்பேட்டைல, அதாவது நம்ம வேலூர் சைதாப்பேட்டைல, பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு மாடிக் கடை. ரெண்டு மெஷின், ஒரு நீள மேஜை, சுவர் ஓரமா ஒரு துணிக்கொடி. தைக்கிறவரை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுறோம். அளவெடுக்கிறது அவர் மனைவி, எங்களுக்கு அக்கா.

நான் காட்பாடி பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில டீச்சர். சின்னப் பிள்ளைங்களோட தரையில சம்மணம் போட்டு உக்காரணும், அடிக்கடி எழுந்திரிக்கணும், போக வர ஸ்கூட்டி. நிக்கும்போது அழகா இருக்கிற பேண்ட் எங்கேயும் கிடைக்கும். உக்காந்தா முட்டியில இறுக்காத, பின்பக்கம் கீழ இறங்காத பேண்ட்தான் கிடைக்காது. இந்தக் கடையில அது கிடைக்குது.

காரணம் வெட்டுதான். சுடி பேண்ட்டை கிராஸ்ல, அதாவது துணியோட மூலைவாக்குல சாய்வா, வெட்டணும். நெய்த துணியை நீளவாக்குலயோ அகலவாக்குலயோ இழுத்தா அசையாது. மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்க, இழுபடும், விட்டா திரும்பும். அந்த இழுபடுற வாக்கு காலைச் சுத்தி வந்தாத்தான் லைக்ரா மாதிரி இழுபடுற இழை இல்லாமலே பேண்ட் காலோட ஒட்டி நின்னு, முட்டி மடக்கும்போது விட்டுக் கொடுக்கும். பாய் துணியை மடிச்சு பை மாதிரி மூட்டி, அதைச் சாய்வாத் திருப்பிப் போட்டு வெட்டுறார். அதனால துணி வீணாகிறது குறையுது. காலோட குறுக்கே ஒரு சாய்வான தையல் வரும், அதைப் பார்த்து ஒட்டுப்போட்டுட்டாங்கன்னு யாரும் நினைக்க வேண்டாம். வெட்டின காலை ஒரு ராத்திரி கொடியில தொங்க விட்டுட்டுத்தான் தைக்கிறார். கிராஸ் துணி தன் கனத்துலயே கொஞ்சம் கீழ இறங்கும், அது இறங்கி முடிச்ச பிறகு அளவு பிடிச்சா ரெண்டு காலும் ஒரே நீளத்துல நிக்கும். இவ்வளவு பொறுமை உள்ளவங்க இந்த ஊர்ல இன்னும் இருக்காங்கங்கிறதுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நிறைய இடத்துல நேர் வாக்குலயே வெட்டிக் கொடுத்துடுறாங்க. அவங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. செட்டா வர்ற மெட்டீரியல்ல பேண்ட்டுக்கு ரெண்டு மீட்டர் துணிதான் இருக்கும், கிராஸுக்கு அது பத்தாது. 44 அங்குல அகலத் துணின்னா என் உயரத்துக்கு ரெண்டரை மீட்டர் வேணும். 36 அங்குலம்னா மூணு மீட்டர். செட்டுல இருக்கிற ரெண்டு மீட்டர்ல சுடி கேட்டா பாய் தைக்க மாட்டார். “டீச்சர், இதுல சல்வார் வேணா தச்சுத் தரேன். சுடி வேணும்னா வேற துணி எடுத்துகினு வாங்க”ன்னு நேராச் சொல்லிடுவார்.

அளவு எடுக்கிறதுல இருந்தே வித்தியாசம் தெரியும். அக்கா முதல்ல ஸ்டூல்ல உக்கார வைக்கிறாங்க. இடுப்பு அளவு நின்னுகிட்டு ஒண்ணு, உக்காந்து ஒண்ணு. முட்டியை மடக்கச் சொல்லி முட்டி, கெண்டைக்கால். அப்புறம் குதிகாலையும் பாதத்தோட மேல்பக்கத்தையும் சேர்த்துச் சுத்தி ஒரு அளவு, அதுதான் கால் நுழையற வழி. கணுக்கால்கிட்ட அதைவிட இறுக்கமா வேணும்னா கீழ ரெண்டு மூணு அங்குலம் பிளந்து பிரஸ் பட்டன் வெச்சுத் தருவாங்க. நீளத்துல கால் அளவுக்கு மேல பத்து அங்குலம் விடச் சொல்லி நான் கேக்கிறேன். அந்த மிச்சம்தான் கணுக்கால்ல வளையல் அடுக்கின மாதிரி சுருக்கா விழும். வண்டி ஓட்டுறவங்க, நாள் முழுக்க நடக்கிறவங்க எட்டு அங்குலமே விட்டாப் போதும். மேல இடுப்புப் பட்டி மட்டும் நேர் வாக்குத் துணி. அது கிராஸ்ல இருந்தா நாடா இழுக்க இழுக்க அகண்டு போகும்.

இப்போ துணி. வேலூர் மே மாசம் எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரி தாண்டும். அதுல வியர்வை இழுக்காத கிரேப்பையோ பாலியஸ்டரையோ காலோட ஒட்டிப் போட்டா தொடையிடுக்குல வேர்க்குரு நிச்சயம். நான் வாங்கறது நெருக்கமா நெய்த காட்டன், கேம்ப்ரிக் இல்லைன்னா பாப்ளின், லாங் பஜார்ல மீட்டர் கணக்குல வெட்டிக் கொடுக்கிற கடைகள்ல. வாங்குறதுக்கு முன்னாடி துணிக்குப் பின்னாடி கையை வெச்சு வெளிச்சத்துல பிடிப்பேன். விரல் தனித்தனியாத் தெரிஞ்சா அது மேல்சட்டைத் துணி, பேண்ட்டுக்கு ஆகாது. வெள்ளை, சந்தன நிறம் எடுக்கிறவங்க இதைக் கட்டாயம் பண்ணணும். அடுத்து மூலைக்கு மூலை இழுத்து விடுவேன். இழுத்த இடத்துல இழை விலகி இடைவெளி விழுந்தா வைச்சிட்டு வந்துடுவேன், அது முட்டித் தையல்ல பிரியும்.

ரேயான் கையில மெத்துன்னு இருக்கும், விழற அழகு தனி. ஆனா ஈரமானா அதோட பலம் குறையும். வியர்வையில ஊறி, முட்டியில இழுபடுற சுடிக்கு அது வேண்டாம். பலாஸோவுக்கு எடுங்க, அருமையா இருக்கும். மெல்லிசான மல் காட்டன் துணி இதமானது, இவ்வளவு இறுக்கத்தைத் தாங்காது. லெக்கிங்ஸ் வசதிதான், மறுக்கலை. ஆனா வெந்நீர், நம்ம மொட்டை மாடி வெயில், தினசரித் துவைப்புன்னு போனா லைக்ரா இழை சீக்கிரம் தளர்ந்து முட்டி தொங்கிடும். தரையில குனிஞ்சு உக்கார்றவங்களுக்கு மெல்லிசு லெக்கிங்ஸ் சங்கடமும் கூட. நல்ல கேம்ப்ரிக் சுடி துவைக்கத் துவைக்க மென்மையாகிட்டே வரும்.

குடியாத்தம் கைத்தறிக் கட்டம் போட்ட துணியில ஒண்ணு தைக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. பாய் மேஜையில அதைச் சாய்ச்சுப் போட்டுக் காட்டினார். கிராஸ்ல கட்டமெல்லாம் திரும்பி நிக்குது, ரெண்டு காலையும் பொருத்தணும்னா இன்னொரு மீட்டருக்கு மேல துணி போகும். அந்தத் துணி இப்போ எனக்கு ஒரு நல்ல டாப்ஸா இருக்கு, கீழ வெறும் கருநீலச் சுடி.

காட்டன் எதுவா இருந்தாலும் தைக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க தண்ணியில போட்டு, பிழியாம நிழல்ல காய வெச்சு இஸ்திரி போட்டுடுங்க. சுருங்கறது பேண்ட் ஆகிறதுக்கு முன்னாடியே சுருங்கிடட்டும். சாயம் விடுதான்னும் அப்பவே தெரிஞ்சுடும்.

கடையில குறையும் இருக்கு. படி செங்குத்து, கைப்பிடி இல்லை. முட்டி வலி உள்ளவங்களுக்குக் கஷ்டம். போட்டுப் பார்க்க இடம்னா திரை போட்ட ஒரு மூலைதான், அங்க விளக்கும் மங்கல். சொன்ன தேதிக்கு ரெண்டு மூணு நாள் தள்ளித்தான் கிடைக்கும். அவசரம்னா இங்க கொடுக்காதீங்க. ஆனா இறுக்கிப் பிடிக்கிற இடத்தைச் சொன்னா முகம் சுளிக்காம பிரிச்சுத் தைப்பார், அதுக்குக் காசு வாங்க மாட்டார். உள்பக்கம் ஒரு அங்குலத் தையல் துணி விட்டிருப்பார், உடம்பு கூடினா பிரிச்சுக்கலாம்.

கூலி ஒரு சுடிக்கு 300 ரூபாய், துணி எனக்கு 400க்குள்ள முடியும். ரம்ஜான் மாசத்துலயும் தீபாவளிக்கு முந்தின வாரங்கள்லயும் புதுசா தைக்க எதுவும் வாங்கிக்க மாட்டார், வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும். போகும்போது சுடிக்கு மேல போடப்போற டாப்ஸ்ல ஒண்ணை எடுத்துட்டுப் போங்க. அதோட பக்க வெட்டு எங்க தொடங்குதுன்னு பார்த்துத்தான் இடுப்புப் பட்டியோட உயரத்தை வைக்கிறாங்க, அப்போதான் காத்துல டாப்ஸ் விலகினாலும் பட்டி வெளிய தெரியாது.