பாளையங்கோட்டை 'அரண்மனைப் பெண்கள்' வகுப்பு: தாராளமாகப் போகலாம், யேசபேல் பகுதி மட்டும் சுமார்

ஊசிக்கோபுரம் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிற வேத வகுப்பு இது. பழைய ஏற்பாட்டில் வரும் இஸ்ரவேல், யூதா என்ற இரண்டு ராஜ்யங்களின் அரண்மனைப் பெண்களைப் பற்றியது. கட்டணம் 200 ரூபாய், ஜெராக்ஸ் தாள்களும் சுக்குக் காப்பியும் அதிலேயே அடக்கம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ரூத், அன்னாள் என்றே கேட்டு அலுத்தவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும்.

நடத்துகிறவர் ரிட்டயர்டான சரித்திர டீச்சர். சாலொமோனின் தாய் பத்சேபாளைப் பற்றிப் பேசும்போது, அவள் குளிப்பதைத் தாவீது பார்த்த மொட்டைமாடிக் கதையை இரண்டு நிமிடத்தில் தாண்டி, நேரே 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்துக்குப் போய்விட்டார். கிழட்டு ராஜா தாவீது படுத்த படுக்கை, இன்னொரு மகன் அதோனியா தானே ராஜா என்று விருந்து வைக்கிறான், தீர்க்கதரிசி நாத்தான் யோசனை சொல்ல இவள் உள்ளே போய் சாலொமோனுக்காகப் பேசுகிறாள். அடுத்த அதிகாரத்தில் சாலொமோன் எழுந்து தாயை வணங்கி வலதுபக்கம் ஆசனம் போடுகிறான், ஆனால் தாவீதைக் கடைசி நாட்களில் பராமரித்த அபிஷாகை அவள் அதோனியாவுக்கு மனைவியாகக் கேட்டதும், அது ராஜ்யத்தையே கேட்கிற மாதிரி என்று அதோனியாவின் தலையே போகிறது. அந்த ஆசனத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டால் யார் உயிர் போகும் என்று யோசித்துத்தான் கேட்க வேண்டும் என்றார் டீச்சர். ஹாலில் சத்தமே இல்லை.

யூதா ராஜாக்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் தாயின் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறது, இத்தனை வருஷம் வாசித்தும் நான் கவனித்ததில்லை. தாய்க்கு அங்கே பதவி மாதிரி ஒன்று இருந்திருக்கிறது, தப்புச் செய்தால் பறிபோகவும் செய்யும்: மாகாள் விக்கிரகம் உண்டாக்கினதால் ராஜா ஆசா அவளை ராஜாத்தியாக இராதபடி விலக்கினானே.

எல்லாவற்றிலும் பெஸ்ட் அத்தாலியாள் வகுப்புதான். யூதாவின் ராஜாவாயிருந்த மகன் அகசியா செத்ததும் ராஜவம்சத்தையே அழிக்கப் பார்த்து, ஆறு வருஷம் தானே ஆண்டவள். அதே வீட்டில் இன்னொரு பெண், அகசியாவின் சகோதரி யோசேபாள், அவனுடைய கைக்குழந்தை யோவாசைத் தாதியோடு ஒளித்து ஆலயத்திலேயே வளர்க்க வைத்தாள். அதிகாரம் இருந்தவள் பேரப்பிள்ளைகளைக் கொன்றாள், இல்லாதவள் தாவீதின் வம்சத்தைக் காப்பாற்றினாள். இதற்கு இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குறைகளும் உண்டு. இஸ்ரவேல் ராஜா ஆகாபின் மனைவி யேசபேலைப் பற்றிய வகுப்பை வேறொருவர் எடுத்தார், பாதி நேரம் கண்ணுக்கு மை தீட்டியதைப் பற்றியே பேச்சு. அவள் மை தீட்டியது ஆகாப் வம்சத்தை அழிக்க வந்த யெகூ, அவளை ஜன்னலிலிருந்து தள்ளிக் கொல்லச் சொன்ன நாளில். திராட்சத்தோட்டத்தை ஆகாபுக்குக் கொடுக்க மறுத்த நாபோத்தைக் கொன்றது மையா? ஆகாபின் பெயரால் நிருபம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு அனுப்பினாள், யெஸ்ரயேலின் மூப்பர்களும் மறுபேச்சில்லாமல் பொய்சாட்சி வைத்துக் கல்லெறிந்தார்கள். சாத்தான்குளத்துப் பக்கத்து ஆச்சி ஒருவர்தான் எழுந்து, "முத்திரையைக் கொடுத்தவனுக்கு ஒண்ணும் இல்லியா ஐயா?" என்று கேட்டார். தீர்க்கதரிசி எலியா முதலில் போய் நின்றது ஆகாபிடம்தானே என்று பதில் வந்தது, சரியான பதில், ஆனால் அங்கேயிருந்துதான் வகுப்பே தொடங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த வம்ச அட்டவணை. எழுத்துப் பொடி என்பதை விடுங்கள், யூதாவிலும் ஒரு யோராம், இஸ்ரவேலிலும் ஒரு யோராம், அகசியாவும் அப்படியே இரண்டு பேர், இதையெல்லாம் ஒரே கட்டத்தில் குழப்பி அத்தாலியாளைத் தவறான யோராமுக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள். அவள் புருஷன் யூதாவின் யோராம், தாளில் திருத்திக்கொள்ளுங்கள்.

ஹாலில் பின்வரிசை ஃபேன் ஓடாது, முன்னாலேயே இடம் பிடியுங்கள். வண்டி நிறுத்த இடம் குறைவு, பஸ்ஸில் வருவதே நல்லது. அடுத்த தடவை தீர்க்கதரிசி உல்தாளையும், எரேமியா ராஜாவோடு சேர்த்துக் கண்டித்த ராஜமாதாவையும் சேர்த்தால் 300 ரூபாய் கேட்டாலும் கொடுப்பேன்.