ஆஸ்திரேலியாவை ஒரு சுற்று: ஊருக்குச் சேதி அனுப்பியதில் எது நிலைத்தது, எது கழன்றது

வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற அனுமதிக்கும் வொர்க் அண்ட் ஹாலிடே விசாவில் வந்து, ஆஸ்திரேலியாவை ஒரு சுற்று முடித்துவிட்டு இப்போது அடிலெய்டில் இருக்கிறேன். சிட்னியில் இறங்கி, கிழக்குக் கடற்கரையோரமாகப் பேருந்தில் வடக்கே போய், டல்லியில் வாழைத்தோட்ட வேலை பார்த்து, அப்புறம் மெல்போர்ன். அங்கிருந்து ஹாஸ்டலில் பழகிய இரண்டு பேரோடு ஒரு பழைய காரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டார்வின், ப்ரூம், பெர்த், கடைசியாக நல்லார்பர் சமவெளி. இங்குள்ளவர்கள் இதை 'பிக் லேப்' என்கிறார்கள். எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒன்றைப் பற்றி மட்டும்: இத்தனை மாதமும் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் சேதி அனுப்ப நான் பயன்படுத்திய வழிகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு நீளமான கடிதம், தமிழில் தட்டச்சு செய்தது, வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே சேதியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி). கடைசிவரை தாக்குப்பிடித்தது அது ஒன்றுதான். மற்றவை சில வாரங்களில் உதிர்ந்தன, அல்லது ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் மிஞ்சின.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியது போன். ஆஸ்திரேலியாவில் 3ஜி சேவை 2024 அக்டோபரோடு முழுதாக முடிந்துவிட்டது. அதோடு, அவசர எண்ணான 000-க்கு 4ஜி வழியாகப் பேச முடியாத போன்களை நெட்வொர்க்குகள் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று விதி. ஊரில் நன்றாக வேலை செய்யும் போன் இங்கே சும்மா கேமராவாகிவிடலாம். உங்கள் மாடலை முன்னாடியே சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது சிம். டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடஃபோன் என்று மூன்று நெட்வொர்க். விளம்பரத்தில் 99 சதவீதம் சிக்னல் என்று வருவது மக்கள்தொகைக் கணக்கு, நிலப்பரப்புக் கணக்கு இல்லை. ஜனங்கள் கடற்கரை நகரங்களில் குவிந்திருக்கும் நாட்டில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிழக்குக் கடற்கரையோடு நிறுத்துபவர்களுக்கு எதுவானாலும் சரி. உள்நாட்டுக்குள் போகிறவர்கள் டெல்ஸ்ட்ராவோ, அதே நெட்வொர்க்கை முழுதாகப் பயன்படுத்தும் பூஸ்ட் சிம்மோ வாங்குவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான். அதிலும் நெடுஞ்சாலையில் பாதி நேரம் சிக்னல் கட்டம் காலி. ஊர் வந்தால் சிக்னல் வரும், ஊர் போனால் போகும்.

இந்திய எண்ணை விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலிய எண்ணை ஈசிம்மில் போட்டுக்கொண்டு, பழைய எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தேன். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டால் செலவு பெரிதாக இல்லை. வங்கி ஓடிபி குறுஞ்செய்தியாக வந்துவிடும். வாட்ஸ்அப்பும் அதே எண்ணில் ஓடும். பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புவது, நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எண்ணை மாற்றினால் சித்தப்பா, பெரியம்மா, பள்ளி நண்பர்கள் என்று ஒவ்வொருவரையும் கெஞ்சிச் சேமிக்கச் சொல்ல வேண்டும். நடக்கிற காரியமா?

ஆரம்பத்தில் எல்லோரையும்போல ஒரு குரூப்தான் தொடங்கினேன். முதல் வாரம் ஓப்பரா ஹவுஸ் படத்துக்கு இதயங்கள் பறந்தன. இரண்டாவது வாரம் யாரோ கிரிக்கெட் மீம் போட்டார்கள். மூன்றாவது வாரம் நான் எழுதிய ப்ளூ மவுன்டன்ஸ் (சிட்னி பக்கத்து மலைகள்) கதைக்கு மேலே ஒரு நல்ல நேரப் படம், கீழே ஒரு பிறந்தநாள் வாழ்த்து. குரூப்பின் குணமே அது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிற கெட்ட பழக்கம் வேறு வரும். ரீல்ஸ் எடுக்க ஆரம்பித்தால் ஊரைப் பார்க்க மாட்டோம், கோணத்தைத்தான் பார்ப்போம். கூட வந்தவர்களில் ஒருவர் ட்வெல்வ் அப்போசல்ஸ் பாறைகளின் எதிரில் நின்ற நேரம் முழுக்க டிரைபாடோடு மல்லுக்கட்டினார். எனக்கு அது ஒத்துவரவில்லை.

வீடியோ கால் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மணிக் கணக்கைப் பேச வேண்டும். ஒரே நாடுதான், ஆனால் இந்தியாவோடு உள்ள வித்தியாசம் போகிற இடத்தைப் பொறுத்து மாறும். சிட்னியில் நாலரை மணி நேரம், இங்குள்ள கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதால் ஐந்தரை. குயின்ஸ்லாந்து கோடையிலும் கடிகாரத்தைத் திருப்பாது, அங்கே எப்போதும் நாலரை. டார்வினில் நான்கு, பெர்த்தில் இரண்டரை. அம்மா சீரியல் முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் டிசம்பர் சிட்னியில் நள்ளிரவு தாண்டி இரண்டரை. பெர்த்தில் இருந்த வாரங்களில்தான் நிம்மதியாகப் பேசினோம். நல்லார்பரில் யூக்லா என்ற குட்டி ஊரைச் சுற்றிச் சில ரோட்ஹவுஸ்கள் (நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை) தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கின்றன: பெர்த்தைவிட 45 நிமிடம் கூடுதல். அரசு அங்கீகாரம் எதுவும் கிடையாது, ஆனால் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் ஓடுகிறது. போன் ஒரு நேரம் காட்டும், சுவர் இன்னொரு நேரம் காட்டும்.

லைவ் லொக்கேஷன் பகிர்வதில் ஒரு எச்சரிக்கை. எட்டு மணி நேரம்வரை பகிரலாம் என்பது உண்மைதான். டவர் போனதும் புள்ளி அந்த இடத்திலேயே நின்றுவிடும். பாலைவனத்தின் நடுவில் மகன் அசையாமல் கிடப்பதாக அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் ஒரு தடவை அப்படி அழுகை நடந்தது. அதன்பிறகு வேறு ஏற்பாடு: கிளம்பும் முன் 'இந்த ஊரிலிருந்து இந்த ஊர், இத்தனை கிலோமீட்டர், இன்ன நாள் சாயங்காலம்வரை போன் வராது, அதையும் தாண்டினால் மட்டும் கவலைப்படுங்கள்' என்று அண்ணனுக்கு மட்டும் ஒரு செய்தி. எல்லோருக்கும் அனுப்பினால் எல்லோரும் பயப்படுவார்கள், ஒருவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். மலையேற்றத்துக்கு இது போதாது, டவர் இல்லாமலே உதவி கேட்கும் அவசரகால பீக்கன் கருவி வேண்டும். ப்ளூ மவுன்டன்ஸில் அதை இலவசமாகவே இரவல் தருகிறார்கள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். அது ரூபம் எடுத்தது டல்லியில்.

வட குயின்ஸ்லாந்தில் உள்ள இந்தச் சின்ன ஊர் நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. 1950-ல் மட்டும் 7.9 மீட்டர் மழை. அதே உயரத்துக்கு ஒரு பொன்னிற கம்பூட்டை (மழைக்கால ரப்பர் பூட்ஸ்) செய்து ஊரின் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே படியேறி மேலே போகலாம். சென்னையில் ஒரு வருடத்துக்குச் சுமார் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த பூட்ஸின் பொருள் புரியும். சுற்றிலும் வாழை. தோட்டத்துக்குள் நுழையும் வழியில் மருந்துத் தண்ணீர் தொட்டி, அதில் காலணியை நனைத்துத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 2015-ல் இந்தப் பள்ளத்தாக்கில் பனாமா வாடல் நோயின் டிஆர்4 வகை வந்ததிலிருந்து இந்தக் கெடுபிடி. ஒட்டியிருக்கும் மண்ணோடு நோய் போய்விடும். உள்ளே ஒருவர் வெட்டுவார், ஒருவர் தோள் கொடுப்பார். தாரின் மேல் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மழைத்தண்ணீர், தவளை, சில சமயம் பாம்பு. 50 கிலோ தாண்டும் தார் தோளில் இறங்கும்போது முதலில் கழுத்துக்குள் அந்தத் தண்ணீர் ஊற்றும், அப்புறம்தான் எடையே தெரியும்.

அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போட்டவர். என் ஓப்பரா ஹவுஸ் படத்துக்குக் கட்டைவிரல் மட்டும் அனுப்பியவர் அவர். இந்த வாழைச் சேதியை எழுதி அனுப்பியதும் மறுநாள் காலை நீளமான குரல் செய்தி: என்ன ரகம், எத்தனை மாதத்தில் தார் விடுகிறது, பக்கக்கன்றை எத்தனை விடுகிறார்கள், காற்றுக்கு முட்டுக் கொடுக்கிறார்களா இல்லையா. விசாரித்து எழுதினேன். ரகம் பெரும்பாலும் கேவண்டிஷ். காற்று என்றால் இங்கே புயல்தான்: 2006-ல் லாரி, 2011-ல் யாசி, இரண்டும் இந்தப் பகுதி வாழையைப் படுக்க வைத்து நாடு முழுக்க விலையை ஏற்றிவிட்டன. யாசிக்கு முன்பு சில விவசாயிகள் இலைகளையெல்லாம் வெட்டிவிட்டார்களாம்; காற்று பிடிக்க ஒன்றும் இல்லாததால் மரம் தப்பியது. "அது நல்ல யோசனைதான்டா" என்றார் அப்பா. அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

பிராட்காஸ்ட்டின் லாபம் இதுதான். எல்லோருக்கும் ஒரே கடிதம் போகிறது, ஆனால் பதில் ஒவ்வொருவரிடமிருந்தும் தனியாக வருகிறது. அப்பாவுக்கு வாழை, அம்மாவுக்கு என்ன சாப்பிட்டேன் என்பது, நண்பர்களுக்குக் கூலியும் பெட்ரோல் விலையும். குரூப்பில் வாயே திறக்காத ஒருவன் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதுகிறான். அவனுக்குள் இவ்வளவு பேச்சு இருக்கும் என்று கல்லூரியில் எனக்குத் தெரியாது.

எழுதும் முறையும் பழகிப்போனது. சிக்னல் இல்லாத இடத்தில், காரின் பின் சீட்டில், நோட்ஸில் தட்டச்சு. ஊர் வந்ததும் நூலகம் தேடிப் போய் அனுப்புவது. மெல்போர்னின் மாநில நூலகத்தில் 1913-ல் திறந்த குவிமாட வாசிப்பறை இருக்கிறது, வைஃபை இலவசம். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் குட்டி ஊர்களிலும் நூலகம் உண்டு, சார்ஜும் போட்டுக்கொள்ளலாம். இந்தியப் பிளக் இங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். ஹாஸ்டல் வைஃபையை நம்ப வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்குப் பொது அறையில் தங்கியிருக்கும் அத்தனை பேரும் அவரவர் வீட்டை அழைப்பார்கள். படங்களை அதிகாலையில் ஏற்றிவிட்டால் நிம்மதி.

எழுத்தில் போட்டதால் பிழைத்த இடம் ஒன்று உண்டு, நாட்டின் நடுவில் நிற்கும் பெரிய பாறையான உலுரு. பாறையைச் சுற்றி நடக்கும்போது சில பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனிதத் தலம், அந்தக் கதைகளை அந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் மரபு. மேலே ஏறுவதையும் 2019 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். கேமராவை நம்பி வந்திருந்தால் பாதிச் சுற்றுக்கு அனுப்ப ஒன்றுமிருக்காது. நான் ஈக்களைப் பற்றி எழுதினேன். கண், மூக்கு, காது என்று எதையும் விடாது. முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு வலைக்கு அடியில் பிஸ்கட்டைக் கொண்டுபோகும் வித்தை பற்றி ஒரு பத்தி. அதிகம் பதில் வந்த கடிதம் அதுதான்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழைய தந்தி நிலையத்தைப் பாருங்கள். அடிலெய்டிலிருந்து டார்வின்வரை சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து 1872-ல் இணைத்தார்கள். டார்வினிலிருந்து கடலடிக் கேபிள் ஜாவாவுக்கு, அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு. பினாங்குக்கு அடுத்த நிலையம் எது தெரியுமா? மதராஸ். லண்டனுக்குப் போன ஆஸ்திரேலியச் சேதி நம்ம ஊர்க் கரையேறித்தான் போனது. அந்தக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

குரல் செய்திக்கு என்று ஒரு இடம் இருக்கிறது, அம்மாவுக்கு. என்ன எழுதினாலும் "குரல் சோர்ந்திருக்கா, இல்லையா" என்பதைக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. வெளியில் காற்று இரையும், காருக்குள் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். போஸ்ட்கார்டு பாட்டிக்கு மட்டும் போட்டேன். வாரக்கணக்கில் ஆனது, ஆனாலும் போய்ச் சேர்ந்தது.

நல்லார்பர் கடப்பதற்கு முன் 'மூன்று நாள் காணாமல் போவேன்' என்று எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன். நார்ஸ்மனிலிருந்து செடூனாவரை சுமார் 1,200 கிலோமீட்டர். நடுவில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத ரோடு. எதிரே பல டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு ரோட் டிரெயின் லாரி வந்தால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும், வேறு வேலை இல்லை. அந்த மூன்று நாளில் எழுதியதுதான் நீளமான கடிதம். எல்லோரும் கடைசிவரை படித்திருக்க மாட்டார்கள், பரவாயில்லை.

இப்போதெல்லாம் கடிதத்துக்கு வரும் பதில்களில் பாதி, விசா எப்படி எடுத்தாய் என்பதுதான். இதோ, எல்லோருக்கும் சேர்த்து: சப்கிளாஸ் 462, இந்தியர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து திறந்திருக்கிறது, வருடத்துக்கு 1,000 இடம். முதலில் குலுக்கலுக்குப் பதிய வேண்டும், நான் பதிந்தபோது அதற்கு 25 ஆஸ்திரேலிய டாலர். பெயர் விழுந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். வயது 18 முதல் 30 வரை. 31 முடிந்த நண்பர்கள் தயவுசெய்து என்னிடம் வழி கேட்க வேண்டாம், சுற்றுலா விசாவில் வாருங்கள், ஈ வலையை நான் தருகிறேன்.