புல்லைப் பார்த்துப் பணம் கொடுத்தோம், கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை

செயற்கைப் புல் மைதானம் போடும் யோசனையில் இருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் நண்பரும் சேர்ந்து ஐவர் கால்பந்துக்குப் போட்ட மைதானம் முதல் பெருமழையிலேயே குளமாகிவிட்டது. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் நடந்தால் சளக் சளக் என்றது. மேலே தூவிய மணலும் ரப்பர் துகள்களும் ஒரு மூலையில் போய்க் குவிந்திருந்தன.

ஒப்பந்தக்காரர் காட்டியதெல்லாம் புல் சாம்பிள்தான். இழை உயரம் 40 மி.மீ.யா 50 மி.மீ.யா, எந்தப் பச்சை என்பதிலேயே இரண்டு வாரம் போனது. அடித்தளத்தைப் பற்றிக் கேட்டால், "அதை நாங்க பாத்துக்கிறோம் சார்" என்பார். கொட்டேஷனிலும் ஒரே வரி: 'தளம் தயாரித்தல், வடிகால் உட்பட'. ஜல்லி என்ன அளவு, எவ்வளவு கனம், குழாய் எத்தனை மீட்டர், எதுவும் இல்லை. நாங்கள் ஏமாந்தது அந்த ஒரு வரியில்தான்.

தண்ணீர் நின்றதும் ஆளை வரச் சொன்னோம். "புல்லோட ஓட்டை அடைச்சிருக்கும் சார், பிரஷ் போட்டா சரியாயிடும்" என்றார். பிரஷ் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் ஒரு இணைப்பைப் பிரித்து, புல்விரிப்பை மட்டும் தூக்கிப் பிடித்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். அடித்துணியின் துளைகள் வழியாகக் கடகடவென்று இறங்கிவிட்டது. அதாவது புல்லில் கோளாறு இல்லை. அப்புறம் கடப்பாரை எடுத்தோம்.

மேலே ஒரு சாண் கனத்துக்கு கிரஷர் தூசி, அதாவது கல் உடைக்கும்போது வரும் தூள். அதை நனைத்து ரோலர் ஓட்டினால் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடும், தண்ணீர் எங்கே இறங்கும்? அதன் கீழே இரண்டு அங்குல ஜல்லி, அதுவும் களிமண்ணோடு குழைந்து கிடந்தது. மண்ணையும் கல்லையும் பிரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி போடவே இல்லை. அதற்கும் கீழே பழைய மேல்மண் வேரும் கோரையுமாக அப்படியே இருந்தது. வேர் மக்க மக்கத் தரை அமுங்கும். ஆங்காங்கே விழுந்த பள்ளங்களுக்குக் காரணம் அதுதான். துளையிட்ட வடிகால் குழாய் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. ஆனால் வெளி வாய்க்காலுக்கு ஒரு மீட்டர் முன்பே நின்றுவிட்டது, வாயில் சாக்கு அடைத்து. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"டெட் லெவல் சார்", அதாவது துளியும் சரிவில்லாத சமதளம் என்று ஒப்பந்தக்காரர் பெருமையாகச் சொன்னதும் தப்பு. நடுவிலிருந்து ஓரத்துக்கு அரை முதல் ஒரு சதவீதச் சரிவு வேண்டும், அதாவது 20 மீட்டருக்கு 10 முதல் 20 செ.மீ. மேல்மண்ணை அகற்றி, கீழ்மண்ணை இறுக்கி, துணி விரித்து, குழாயைத் தூசி இல்லாத ஜல்லியால் சூழ்ந்து, அதன் மேல் 150 முதல் 200 மி.மீ. சுத்தமான ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். கடைசியில்தான் மெல்லியதாகச் சிறு கல் சிப்ஸ். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது, தளத்தைத் திரும்பப் போட இரண்டாவதாக வந்த ஒப்பந்தக்காரர்.

உத்தரவாதமா? அந்தத் தாளை அப்போதுதான் முழுதாகப் படித்தோம். புல் நிறம் மங்கினால், இழை உதிர்ந்தால் மட்டும்தான் பொறுப்பாம். தளம் இறங்கினாலோ தண்ணீர் தேங்கினாலோ அவர்களுக்குச் சம்பந்தமில்லை. முதல் ஆள் இப்போது போனே எடுப்பதில்லை. மொத்தப் பணத்தையும் புல் விரித்த அன்றே கொடுத்துவிட்டோமே, அவர் ஏன் எடுக்கப் போகிறார்?

இந்த முறை ஒவ்வொரு அடுக்கையும் மூடும் முன் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கிறோம். அது முடிந்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான பணம். 3 மீட்டர் நேர்கட்டையை வைத்துப் பார்த்து, அடியில் 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்த இடங்களைத் திரும்பச் செய்யச் சொன்னோம்; முகம் சுளித்தாலும் செய்தார்கள். ஜல்லி வேலை நேற்று முடிந்தது. புல் சுருள்கள் இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. நாளைக் காலை டேங்கர் வருகிறது. முழுத் தளத்திலும் தண்ணீர் விட்டு, குழாயின் வெளி வாயில் எவ்வளவு வருகிறது என்று பார்க்கப் போகிறோம்.